அந்த ஏரியில் மீன் இருந்தது

மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய செய்தியை நாலைந்து தடவை வாசித்துவிட்டேன். "அப்பா, சின்னவள் மீன் பிடிக்கப் பழக வேணுமாம். அம்மருட்டுக்கு மேல இருக்கிற சின்ன ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். என்ன முள்ளு, எந்த இடம், எப்பிடி எண்டு எழுதி அனுப்புங்கோ." அவ்வளவுதான். உங்கட பேத்தியோட நீங்களும் வாங்கோ என்று நீ எழுதவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான் எண்ணிப் பார்த்த அளவில், இருபத்திரண்டு வருடங்களில் நீயாக என்னிடம் கேட்ட முதல் உதவி இது. எத்தனையோ ஏரிகள் இருக்க அந்த ஏரியைத்தான் எழுதியிருக்கிறாய். ஆகவே முள்ளையும் புழுவையும் மட்டும் எழுதி இந்தக் கடிதத்தை முடித்துவிட என்னால் முடியாது. உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அந்த ஏரியில் மீன் எல்லாம் செத்துப்போய்விட்டது என்று உனக்குச் சொன்னேன். அது பொய் என்பது உனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பிழை ஒன்றை அடுத்த வருடம் செய்தேன். அது உனக்குத் தெரியுமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதைச் சொன்னால், இப்போதுதான் கொஞ்சம் திறந்த கதவை நீ மறுபடியும் சாத்திவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், இன்னொரு தடவை உனக்குப் பொய் சொன்னவனாவேன்.

நீ கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் தூண்டில் முள். சின்ன முள்ளாக வாங்கு, உன் சின்ன விரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நான் நோர்வேக்கு வந்த இரண்டாவது கோடையில், கடலில் பெரிய மீன் பிடிக்கிற முள்ளை வாங்கி, அதில் இறாலைக் குத்தி, அந்த ஏரிக்கரையில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் குந்தியிருந்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. நாயோடு நடக்க வந்த நோர்வேஜியப் பெண் ஒருவர் முள்ளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இந்த ஏரியில் திமிங்கிலம் இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே இருப்பது அபோர் என்கிற சின்ன மீன். உள்ளங்கை நீளம், பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், வயிற்றுப் பக்கச் செட்டை மட்டும் சிவப்பு. அதற்கு மண்புழுதான் பிடிக்கும். முழுப் புழு வேண்டாம், பாதி போதும். மெல்லிய தங்கூசி நூல், விரல் மொத்தத்தில் ஒரு மிதப்பு, முள்ளுக்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயக்குண்டு ஒன்று. மிதப்பு நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு மட்டும் ஈயம் போடு. பாரம் கூடினால் மீன் இழுக்கும்போது தடை உணர்ந்து விட்டுவிடும். சின்னவளுக்கு மீன்பிடி அனுமதி அட்டை தேவையில்லை, உனக்குத் தேவை. அதைப் போவதற்கு முதலே எடுத்துவிடு.

இடத்தைப் பற்றி. காட்டுப் பாதை ஏரியைத் தொடும் இடத்தில் எல்லோரும் நிற்பார்கள், அங்கே நிற்காதே. இடது பக்கம் ஐந்து நிமிடம் நட. தண்ணீருக்குள் சரிந்த ஒரு பாறை வரும், அதற்கு அப்பால் அல்லி இலைகள். இலைகளுக்கு நடுவே போட்டால் முள் சிக்கும். இலை முடிந்து தண்ணீர் கறுக்கிற கோட்டில் போடு. அபோர் தனியாகத் திரிவதில்லை, ஒரே அளவானவை கூட்டமாகத் திரியும். ஒன்று கிடைத்தால் அதே இடத்தில் உடனே திரும்பப் போடு. கால் மணித்தியாலம் ஒன்றும் கடிக்காவிட்டால் பத்து அடி தள்ளிப் போ. வெயில் எரிக்கிற மத்தியானத்தில் போகாதே. முகில் மூடிய நாள் நல்லது, காலை ஏழு மணி இன்னும் நல்லது. சனிக்கிழமைகளில் உனக்குத் தமிழ்ப் பள்ளி, ஆகவே நாங்கள் ஞாயிறுகளில் போனோம். ஏழு வயதில் நீ மிதப்பைப் பார்த்தபடி சத்தமாக எண்ணுவாய். மீனுக்குக் கேட்கும் என்று நான் சொன்ன பிறகு, உதடு மட்டும் அசைய எண்ணினாய். உண்மையில் மீனுக்குப் பேச்சு அவ்வளவு கேட்பதில்லை, பாறையில் காலால் தட்டுவதுதான் கேட்கும். சின்னவள் எண்ணினால் எண்ணட்டும், அவளைத் தடுக்காதே.

மிதப்பு ஆடினால் இழுக்காதே. தண்ணீருக்குள் முழுதாகப் போகும்வரை பொறு, போனதும் மணிக்கட்டால் மெல்ல உயர்த்து. அதிக நேரம் பொறுத்தாலும் பிழை, முள்ளை விழுங்கிவிடும், பிறகு கழற்றுவது இரண்டு பேருக்கும் வேதனை. மீனைக் கையில் எடுக்கும்போது தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் பிடி, அப்போதுதான் முதுகு முட்கள் படியும். உன் முதல் மீனை நான் அதைச் சொல்லித்தர முதலே நீ பிடித்துவிட்டாய். உள்ளங்கையில் நாலு இடத்தில் இரத்தம். அழவில்லை. "அதுக்கும் வாயில நொந்திருக்கும் என்ன அப்பா?" என்று கேட்டாய். ஓம் என்றேன். "அப்ப கெதியாச் செய்யுங்கோ" என்றாய். அன்றிலிருந்து ஒரு மீனையும் நான் வாளிக்குள் துடிக்க விட்டதில்லை. சின்னத் தடியால் தலையில் ஒரே அடி, பிறகு செவுளில் வெட்டு. இதைச் சின்னவளுக்கு மறைக்காதே. சாப்பிடாத மீனைப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல். அபோரின் செதிள் உரிக்க வராது, தோலோடு சேர்த்து உரித்துவிடு. அம்மா அதில் பாற்சொதி வைப்பா. முள்ளெடுக்கிற வேலை உனக்கும் எனக்கும்.

இப்படி ஐந்து கோடைகள். பிறகு நீ பெரியபிள்ளையானாய். ரொம்மனில் மண்டபம் எடுத்து, இருநூறு பேரைக் கூப்பிட்டு, உன்னைச் சேலை உடுத்தி மேடையில் இருத்தி, சாமத்தியவீடு செய்தோம். நீ மேடையில் இருந்து என்னைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தது வீடியோவில் இருக்கிறது. நான் அந்த நேரம் சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்றேன். அம்மாவின் தமையன், உன் பெரிய மாமா, அங்கேதான் என்னைப் பிடித்தார். சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள், எல்லோரும் தெரிந்தவர்கள், எல்லோரும் பெண் பிள்ளை பெற்றவர்கள்.

"மச்சான், இனியும் பெட்டையைக் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் குந்தப்போறியளே?"

"ஏன், என்ன வந்தது?"

"ஒண்டும் வரேல்லை. வராமல் பாக்கத்தானே சொல்லுறன். வெயிலில நிண்டு கறுத்து, கையெல்லாம் மீன் மணக்க... நாளைக்கு ஆர் கேட்டு வாறது?"

யாரோ ஒருவர், "அவர் படகு வாங்கிக் குடுத்துக் கலியாணம் செய்து வைப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஊரில எங்கட ஆக்கள் மீன் வாங்கினவை. பிடிச்சவை இல்லை" என்றார்.

அந்தக் கடைசி வசனம் என்ன சொல்கிறது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. உனக்கு விளங்காது, உனக்கு விளங்கக் கூடாது என்றுதான் நாங்கள் உன்னை வளர்த்தோம். ஊரில் மீன் பிடிக்கிறவர்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்த குடும்பங்களில் எங்களதும் ஒன்று. அவர்கள் பிடித்த மீனை வாங்கிச் சாப்பிட்டோம், வாசலுக்கு உள்ளே விடவில்லை. அதை இந்த நாட்டில் இறக்கி வைத்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்து வருடம் என் மகளோடு தூண்டில் பிடித்தவன் நான் என்று அந்த மேசையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையாட்டினேன். வெட்கப்பட்டேன் என்பதுதான் சரியான சொல், அதுவும் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். இந்தக் கடிதத்தை நீ வாசித்த பிறகு, நீ சம்மதித்தால், எங்கள் சங்கத்து மலரில் போடக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அன்று தலையாட்டியவன் நான் ஒருவன் மட்டுமல்ல. நீ வேண்டாம் என்றால் இது உன் மேசையிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நகைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தா. "நீங்கள் கேட்டுக்கொண்டு வந்ததை நீங்களே அவளிட்டைச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்" என்றா. என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு காலை நீ றப்பர் பூட்ஸ் போட்டு, புழு டின்னோடு வாசலில் நின்றாய்.

"ஏரியில மீன் எல்லாம் செத்துப்போச்சு பிள்ளை. தண்ணி பழுதாம். நகராட்சி ஆக்கள் ஒருத்தரும் போகவேண்டாமெண்டு சொல்லியிருக்கினம்."

"எல்லாமே?"

"ஓம்."

"சின்னனுகளும்?"

"ஓம், சின்னனுகளும்."

நீ மின்தூக்கியில் கீழே போய், கட்டடத்தின் முன்னால் இருந்த பூப்பாத்தியில் புழுக்களைக் கொட்டி, மேலே மண் தூவிவிட்டு வந்தாய். நான் சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் மாடியிலிருந்து பார்க்கும்போது நீ மிகவும் சின்னவளாக இருந்தாய்.

அந்தக் கோடை முழுவதும் நானும் போகவில்லை. மாரி முடிந்து ஐஸ் உருகிய பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உனக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிட்டு, கீழ்த்தளத்துப் பொருள் அறையிலிருந்து தூண்டில் தடியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனேன். பாறையில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்தேன். முட்கள் இருந்த தட்டின் மேலே நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. நகராட்சியிலிருந்து வந்தது, உன் பெயருக்கு. நீ இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாய். உன் கேள்விக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீன்கள் சுகமாக இருக்கின்றன, யாரையும் போகவேண்டாம் என்று தாங்கள் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதன் அடியில் பென்சிலால், தமிழில், நீ ஒரு வரி எழுதியிருந்தாய். "அப்பா, மீன் இருக்காம். போவமா?"

நீ என்னைப் பொய்யன் என்று எழுதவில்லை. அப்பாவுக்கு யாரோ பிழையாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாய், அல்லது அப்படி நினைத்ததாகக் காட்டி எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாய். பன்னிரண்டு வயதில். நான் ஓம் என்று சொன்னால் போதும், அவ்வளவு லேசாக நீ அதை வைத்திருந்தாய். வீட்டில் நேரே கேட்டால் நான் மற்றவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டிவரும் என்று நினைத்துத்தான், நான் மட்டும் திறக்கிற பெட்டிக்குள் வைத்தாய் என்று இப்போது நினைக்கிறேன். எத்தனை மாதம் அது அங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் அன்று என்ன செய்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இருந்தபடியே மடித்து இருந்த இடத்தில் வைத்தேன். பிறகு தூண்டிலைப் போட்டேன். மூன்று அபோர் பிடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் நான் வேலையில் இருந்தேன், அந்த ஏரியில் மீனும் இல்லை. அப்பால் நின்ற போலந்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். பெட்டியைத் திரும்பப் பொருள் அறையில் வைத்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. அந்த ஆகஸ்டில் பெட்டியைத் திறந்தபோது கடிதம் அங்கே இல்லை. நீ எடுத்திருக்கிறாய். பாசி படிந்த மிதப்பையும் முள்ளில் ஒட்டிக் காய்ந்த புழுவையும் நீ பார்த்திருப்பாய். பார்த்திருந்தால், நான் கடிதத்தை வாசித்தேன் என்பதும், வாசித்துவிட்டு உன்னை விட்டுத் தனியாகப் போனேன் என்பதும் உனக்கு விளங்கியிருக்கும். பார்க்கவில்லை என்றால், இப்போது சொல்கிறேன். வாசித்தேன் மகள்.

அதற்குப் பிறகு நீ என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கதைத்தாய், பிறந்தநாளுக்குச் சேட்டு வாங்கித் தந்தாய். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கடிதங்களில் கையெழுத்து அம்மாவிடம் வாங்கினாய். கார் ஓட்டப் பழகியது சிநேகிதியின் தகப்பனிடம். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபோனபோது பெட்டி தூக்குவதற்குக்கூட நான் தேவைப்படவில்லை. நான் இதை உன் கெட்டித்தனம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாரியில் ஒரு மத்தியானம், நீ வந்துவிட்டுப் போன பிறகு, "அவள் உங்களை ஒண்டும் கேக்கிறேல்லை. கவனிச்சனீங்களே?" என்றா. "அவள் கெட்டிக்காரியப்பா, தேவையில்லை" என்றேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அது கெட்டித்தனம் இல்லை" என்றா. அப்போதாவது உன்னிடம் வந்திருக்க வேண்டும். அம்மாவின் அலுவல்கள் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்து நாலு வருடமாகிவிட்டது.

இனி உனக்குத் தேவையான மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வலது கை நடுங்குவது உனக்குத் தெரியும், முள்ளுக்கு முடிச்சுப் போட இனி என்னால் முடியாது. இந்தக் கடிதத்தையும் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே முடிச்சை எழுத்தில் தருகிறேன். தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, அதே நூலில் ஆறு சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் வளையத்துக்குள் விட்டு, இழுக்க முதல் எச்சிலால் நனை. நனைக்காமல் இழுத்தால் நூல் சூடேறி அந்த இடத்திலேயே அறும். காட்டிலிருந்து வந்ததும் சின்னவளின் முழங்காலுக்குப் பின்னாலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று பார். முதல் நாள் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அப்போது அவளுக்காக நீ பிடித்துக் கொடுக்காதே. நான் அப்படி ஒரு தடவை செய்தேன், நீ நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

சின்னவளுக்கு இப்போது ஒன்பது வயது. இன்னும் மூன்று நாலு வருடத்தில் யாராவது ஒருவர், நல்ல மனிதராகவே இருப்பார், உன்னை ஒரு மண்டபத்தில் பிடித்து ஒரு சொல் சொல்வார். அல்லது சின்னவளே உன்னிடம் வந்து, அம்மப்பா ஏன் எங்களோடு ஏரிக்கு வருவதில்லை என்று கேட்பாள். எனக்காக ஒன்றும் புனைந்து சொல்லாதே. நான் செய்ததைச் செய்தபடி சொல். அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதை நான் தாங்கிக்கொள்வேன்.

நீ பென்சிலால் கேட்ட கேள்விக்கு ஓம் என்று எழுத இன்றைக்கும் கை போகிறது. ஆனால் அது பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டது, நீ இப்போது அதைக் கேட்கவில்லை. நீ எழுதி அனுப்பச் சொன்னாய், எழுதிவிட்டேன். இன்னொன்று மட்டும் இருக்கிறது. டொக்டர் சொன்னபடி நான் தினமும் காலையில் நடக்கிறேன். கட்டடத்திலிருந்து ஏறி, அந்த ஏரியைச் சுற்றி வந்தால் ஒன்றரை மணித்தியாலம். நீங்கள் எந்த ஞாயிறு போகிறீர்கள் என்று முதல் நாளே ஒரு வரி போடு. அன்றைக்கு நான் கீழே, ஆற்றுப் பக்கமாக நடந்துவிட்டு வருகிறேன்.

அப்பா